பெயர் ஒன்று, கைகள் பல

1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் கடைசி நாளில் இலண்டன் மாநகரத்து உயர்நீதிமன்றத்தில் விந்தையான வழக்கொன்று தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் ரோஜர் வாட்டர்ஸ். பிங்க் ஃபிளாய்ட் என்னும் ராக் இசைக்குழுவில் இருபது ஆண்டுகள் பேஸ் கிதார் வாசித்தவர். அக்குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் தந்தவர். முந்திய ஆண்டின் இறுதியில் அவர் குழுவினின்று விலகிவிட்டார். தாம் விலகியதோடு அக்குழுவின் வாழ்வு முடிந்தது, இனி அப்பெயரை எவரும் வழங்கலாகாது என்பது அவர் கட்சி. கிதார்க் கலைஞர் டேவிட் கில்மரும், டிரம் வாசிக்கும் நிக் மேசனும், ஒருவர் போனதனால் குழு போய்விடாது என்று எதிர்க்கட்சி உரைத்தனர்.

நேயர்களே, வழக்கு ஓராண்டுக்குப்பின் உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. ஓர் இசைக்குழுவின் தனித்தன்மை எங்கே இருக்கிறது? பாட்டெழுதுபவரிடமா? பாடும் குரலிலா? பதிவுக்கூடத்தில் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து, ‘மற்றொரு முறை வாசியுங்கள்’ என்று சொல்லும் தயாரிப்பாளரிடமா? பிங்க் ஃபிளாய்ட் குழுவின் வரலாற்றில் இவை யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஆகவே இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு அவ்வரலாறு நல்லதோர் ஆய்வுக்கூடம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தயாரிப்பாளர் என்றவுடன் பணம் போடுபவர் என்று நம்மில் பலர் எண்ணுவர். திரைப்பட உலகில் அச்சொல்லுக்கு அதுவே பொருள். இசைத்தட்டு உலகில் அவர் செய்யும் வேலை வேறு. எந்தப் பாட்டு இடம்பெற வேண்டும், எது நீங்க வேண்டும், பாட்டு எவ்வளவு நீளலாம், வெளியிலிருந்து யாரை அழைக்கலாம், பத்து முறை வாசித்தவற்றுள் எந்த வாசிப்பு நிலைத்து நிற்கத் தக்கது, குரல் முன்னே ஒலிப்பதா வாத்தியம் முன்னே ஒலிப்பதா என்பவற்றையெல்லாம் தீர்மானிக்க உதவுபவர் அவர். வாசிப்பவனுக்குத் தன் வாசிப்பே செவியை நிறைத்துவிடும். முழுமையைக் கேட்க மற்றொரு செவி தேவை. அந்தச் செவிக்குரியவரே தயாரிப்பாளர்.

பிங்க் ஃபிளாய்ட் குழு 1965-இல் இலண்டனில் தோன்றியது. வாட்டர்ஸ், மேசன், பியானோவும் ஆர்கனும் வாசிக்கும் ரிச்சர்டு ரைட் ஆகிய மூவரும் கட்டடக்கலை பயின்ற மாணவர்கள். அவர்களோடு சேர்ந்தவர் கேம்பிரிட்ஜைச் சார்ந்த சிட் பாரெட். அமெரிக்க நாட்டு ப்ளூஸ் பாடகர்களாகிய பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்னும் இருவரின் பெயர்களை இணைத்துக் குழுவுக்குப் பெயரிட்டவர் அவரே. தொடக்க காலத்தில் பாட்டும் அவருடையது; குரலும் பெரும்பாலும் அவருடையது.

மேடையில் இவர்கள் வரம்பற்று வாசித்தார்கள். ஒரு சிறு இசைத்தொடரை எடுத்துக்கொண்டு, வண்ண விளக்குகள் சுழல, நெடுநேரம் அதனை விரித்துச் செல்வது இவர்கள் வழக்கம். 1967-இன் தொடக்கத்தில் இவர்களுடைய முதற் சிறுதட்டைத் தயாரித்தவர் ஜோ பாய்ட். பதிவு நடந்த இடம் சவுண்ட் டெக்னிக்ஸ் என்னும் கூடம். பின்னர் இ.எம்.ஐ. நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்துகொண்டபோது பாய்டை விலக்கித் தன் ஊழியராகிய நார்மன் ஸ்மித்தைத் தயாரிப்பாளராக அமர்த்தியது. ஸ்மித், பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை 1965 வரையில் ஒலிப்பதிவு செய்து தேர்ந்தவர். கட்டுக்கோப்பான சிறு பாட்டின் இலக்கணம் அறிந்தவர். அவரே தயாரித்த அடுத்த சிறுதட்டுக்கு, முதற் பாட்டின் ஓசை வேறிடத்தில் கிட்டாமையால், மீண்டும் சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்துக்கே போக நேர்ந்தது. ஓசை என்பது கையைப் பொறுத்தது மட்டுமன்று, சுவரையும் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

1967 ஆகஸ்டில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மேடையில் கட்டறுத்து ஓடிய குழு, அதில் பெரும்பாலும் சிறு சிறு பாடல்களாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது. மேடை வழக்கத்தைப் பின்பற்றிய நெடிய இசைத்துண்டு ஒன்று மட்டும் பத்து நிமிட அளவில் இடம்பெற்றது. வாசித்தவர் அதே நால்வர். எனினும் மேடையில் கேட்டவர் அறிந்த குழு ஒன்று, தட்டில் கேட்டவர் அறிந்த குழு மற்றொன்று. தயாரிப்பாளரின் கை செய்த முதல் மாற்றம் இதுவாகும்.

அடுத்து வந்த மாற்றம் துயரமானது. பாரெட்டின் மனநிலை அவ்வாண்டிலேயே சீர்குலைந்தது. மேடையில் வாசியாமல் நிற்கும் நிலைக்கு அவர் வந்தார். கேம்பிரிட்ஜ் நண்பராகிய கில்மர் துணைக்கு அழைக்கப்பட்டார். சின்னாட்கள் ஐவராக வாசித்தபின், 1968 ஏப்ரலில் பாரெட் விலகியதாக அறிவிப்பு வெளியாயிற்று. அப்போது குழுவின் நிருவாகிகளாகிய இருவரும் எடுத்த முடிவு கவனிக்கத் தக்கது. பாரெட் இல்லாத குழுவுக்கு எதிர்காலம் இல்லையென்று கருதி, அவர்கள் குழுவை விட்டுப் பாரெட்டோடு சென்றனர். அறிவுடையார் எவரும் அன்று அப்படித்தான் முடிவு செய்திருப்பர். பாட்டெழுதியவர் போனபின் என்ன எஞ்சும்?

எஞ்சியது முறை. 1968-இல் வந்த இரண்டாம் தட்டின் தலைப்பு இசையை மேசனும் வாட்டர்ஸும் கட்டடத்துக்கு வரைபடம் தீட்டுவதுபோலத் தாளில் வரைந்து அமைத்தனர். பாட்டுக் கட்டுவோன் போய்விட்டான். கட்டடக்கலை மாணவர்கள் தாங்கள் கற்ற வித்தையைக் கொண்டு இசையை எழுப்பினர். அந்தப் புதுப் போக்கில் ஸ்மித்துக்கு மனம் ஒட்டவில்லை. ஆயினும் அதே தட்டில் ஒரு பாட்டுக்கு டிரம் வாசித்தவர் அவரே. ஒவ்வாமையும் உதவியும் ஒரே மனிதரிடம் கலந்திருந்தன.

மெல்ல மெல்ல ஸ்மித் ஒதுங்கினார். 1970-இல் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ என்னும் தட்டுக்குக் குழுவினர் தாமே தயாரிப்பாளராயினர். அதன் ஒரு பக்கம் முழுவதையும் நிறைக்கும் இசைக்கு ரான் கீசின் என்னும் இசையமைப்பாளர் துணைபுரிந்தார். குழுவினர் அடிப்படை இசையைப் பதிந்து அவரிடம் ஒப்படைத்துவிட்டு அமெரிக்கப் பயணம் மேற்கொண்டனர். அவர் அதன்மீது பித்தளைக் குழல்களையும் சேர்ந்திசைக் குரல்களையும் ஏற்றினார். தட்டு பிரிட்டனில் விற்பனையில் முதலிடம் பெற்றது. ஆனால் பிற்காலத்தில் குழுவினரே அதனைத் தம் குழந்தையென்று கொண்டாட விரும்பவில்லை. கீசினின் திறமையில் குறையில்லை. ஒருவர் அடித்தளம் இட்டுவிட்டுப் போக, மற்றொருவர் மாடி கட்டினார். இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து வாதிடவில்லை. குறை அங்கேதான் இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த ‘மெடில்’ இசைத்தட்டில் அந்தக் குறை நீங்கிற்று. அதிலுள்ள ‘எக்கோஸ்’ என்னும் 23 நிமிட இசை, ரைட் வாசித்த ஒற்றைப் பியானோச் சுரத்தில் தொடங்குகிறது. சுழலும் ஒலிபெருக்கி ஒன்றின் வழியே அச்சுரத்தைச் செலுத்தியபோது, நீருக்கடியிலிருந்து எழும் ஓசைபோல் அது கேட்டது. அதனை வைத்துக்கொண்டு நால்வரும் கூடி அமர்ந்து, சேர்த்தும் நீக்கியும் வளர்த்தார்கள். பொறுமையும் வெளியும் நிறைந்த அந்த ஓசையே பின்னர் உலகம் பிங்க் ஃபிளாய்ட் என்று அறிந்த ஓசை. அது பாரெட்டுக்கும் உரியதன்று, ஸ்மித்துக்கும் உரியதன்று.

இனி, 1973 மார்ச்சில் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ தட்டுக்கு வருவோம். நிலவின் இருண்ட பக்கம் என்பது அத்தலைப்பின் பொருள். பாடல்களின் சொற்கள் யாவும் வாட்டர்ஸ் எழுதியவை. தயாரிப்பு என்று குழுவின் பெயரே உறையில் காணப்படும். ஆயினும் அதனுள் எத்தனை கைகள்! ஒலிப்பதிவு செய்தவர் ஆபி ரோடு கூடத்தில் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆலன் பார்சன்ஸ். பல கடிகாரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இடம் ஒன்று அத்தட்டில் வருகிறது. அவ்வொலிகள் பழம்பொருட் கடையொன்றில் வேறொரு சோதனைக்காக அவர் முன்னரே பதிந்து வைத்திருந்தவை. வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதிக் கூடத்திலிருந்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொன்ன மறுமொழிகளைப் பதிந்தார். தட்டின் இறுதியில் கேட்கும் பேச்சுக்குரல் அக்கூடத்தின் வாயிற்காவலருடையது.

ஒலிகளைக் கலந்து இறுதி வடிவம் தரும் வேளையில் பூசல் எழுந்தது. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும், பேச்சுக் குரல்கள் முன்னே நிற்க வேண்டும், எதிரொலி குறைய வேண்டும் என்றார் வாட்டர்ஸ். இசை பரந்து ஒலிக்க வேண்டும், எதிரொலி மிகுந்திருக்க வேண்டும் என்றார் கில்மர். ஒருவர் கவிஞர், ஒருவர் வாத்தியக்காரர். இருவர் கூறியதும் அவரவர்க்கு நியாயம். நடுவராக வெளியிலிருந்து கிறிஸ் தாமஸ் அழைக்கப்பட்டார். அவர் எவர் பக்கமும் முற்றச் சாயவில்லை. சொல்லும் கேட்கிறது, வெளியும் கேட்கிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1973-க்கும் 1988-க்கும் இடையே மொத்தம் 741 வாரங்கள் அத்தட்டு நின்றதற்கு இந்த நடுவுநிலை ஒரு காரணம் என்பேன். இரண்டு கருத்துகள் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் சமநிலையே இக்குழுவின் தனித்தன்மை. அச்சமநிலையைக் காப்பவரே நல்ல தயாரிப்பாளர்.

இத்தட்டைப் பற்றிப் பேசுகையில் ஒரு பெண்மணியை மறத்தல் ஆகாது. ரைட் அமைத்த பியானோ இசைக்குச் சொல்லில்லாத குரல் ஒன்று வேண்டியிருந்தது. பார்சன்ஸ், கிளேர் டோரி என்னும் பாடகியின் பெயரைக் கூறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வந்தார். குரலை ஒரு வாத்தியமாகக் கருதி மனம்போல் பாடினார். 30 பவுன் கூலி பெற்றுப் போனார். மரண பயமும் அமைதியும் மாறி மாறித் தோன்றும் அக்குரல் தட்டின் உயிர்நிலைகளுள் ஒன்றாயிற்று. உறையில் பாடியவர் என்று அவர் பெயர் இருந்தது. இயற்றியவர் என்ற இடத்தில் ரைட்டின் பெயர் மட்டுமே இருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேற்பட்டபின், 2004-இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதுமுதல் அவ்விசையை இயற்றியவர் என ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் அச்சாகிறது. நம் பரிபாடலில் பாடிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரையும் தனியே குறித்து வைத்த பழையோரின் நேர்மை இங்கு நினைக்கத் தக்கது.

1975-இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ தட்டின் பொருளே பிரிவு. அதன் நெடும்பாட்டு பாரெட்டை எண்ணிப் பாடியது. அத்தட்டு உருவாகிக்கொண்டிருந்தபோது, தலைமயிரும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் கூடத்துக்குள் வந்து நின்றார். அவர் பாரெட்டே என்று பழைய தோழர்கள் அறியச் சற்று நேரம் சென்றது. விலகிப் போனவரும் குழுவின் ஒரு துணைவராகவே இருக்கக்கூடும். அவர் வாசியாத இசையையும் அவருடைய இன்மை வடிவமைக்கிறது.

1979-இன் இறுதியில் வந்த ‘தி வால்’, அதாவது சுவர், வாட்டர்ஸின் எண்ணத்தில் பிறந்தது. குழுவினர் தம்முள் நெருங்கிப் பேசும் நிலையில் இல்லை. கனடா நாட்டுத் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் வரவழைக்கப்பட்டார். அவர் பாடல்களை நாடகம்போல் கோவைப்படுத்தி, சுமார் நாற்பது பக்க அளவில் ஒரு கதைச் சுவடியே எழுதினார். ஒரே சரணமாக இருந்த பாட்டொன்றை அவர் நீட்ட விரும்பினார். குழுவினர் வெளிநாட்டில் இருந்தமையால் ஒலிநாடாவை இலண்டனுக்கு அனுப்பி, இஸ்லிங்டன் கிரீன் பள்ளிச் சிறுவர்களைப் பாடச் செய்து இரண்டாம் சரணமாக அமைத்தார். நடனக் கூடங்களுக்குரிய தாளமும் அவர் தூண்டுதலே. சிறுதட்டு வெளியிடுவதையே கைவிட்டிருந்த குழு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் பிரிட்டனின் முதலிடத்தில் நின்றது.

அத்தட்டிலேயே ‘கம்ஃபர்ட்டப்ளி நம்’ என்னும் பாட்டு உண்டு. மெட்டு கில்மருடையது, சொல் வாட்டர்ஸுடையது. மைக்கேல் கேமன் அமைத்த பெரிய வாத்திய இசையோடு அது ஒலிக்க வேண்டுமென எஸ்ரினும் வாட்டர்ஸும் கூறினர். எளிய, வன்மையான வடிவமே ஏற்றதெனக் கில்மர் மறுத்தார். கடைசியில் இரு வடிவங்களும் ஒட்டப்பட்டன. பாட்டின் உடலில் வாத்திய இசை. முடிவில் கில்மரின் கிதார் தனித்து முழங்குகிறது. அக்குழுவின் மிகச் சிறந்த பாட்டுகளுள் ஒன்றாக அது எண்ணப்படுவது தற்செயலன்று.

ஆனால் அத்தட்டு உருவாகும்போதே ரைட், வாட்டர்ஸின் வற்புறுத்தலால் குழுவினின்று நீக்கப்பட்டார். பின்னர் நடந்த கச்சேரிகளுக்கு அவர் கூலிக்கு வாசித்தார். கச்சேரிகள் பெரும் பொருட்செலவால் நட்டம் அடைந்தன. நால்வருள் ஆதாயம் பெற்றவர் கூலி வாங்கிய ரைட் ஒருவரே என்பது அக்காலத்து வேடிக்கை. 1983-இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ தட்டில் ரைட் இல்லை; தயாரிப்பாளர் வரிசையில் கில்மரின் பெயரும் இல்லை. உறையில், ஆக்கம் ரோஜர் வாட்டர்ஸ், வாசிப்பு பிங்க் ஃபிளாய்ட் என்ற பொருளில் அச்சிடப்பட்டது. போரில் மாண்ட தந்தையை எண்ணி மகன் விடுக்கும் ஓலம் அது. உண்மையான துயரம் அதில் உண்டு. எனினும் மறுத்துரைக்கும் குரல் அடங்கிவிட்டமையால், குழுவின் இசை ஒருவரின் வாக்குமூலமாகச் சுருங்கிற்று.

வாட்டர்ஸ் விலகியபின் வழக்கின் நடுவே, 1987 செப்டம்பரில், கில்மர் எஸ்ரினைத் துணையாகக் கொண்டு ‘எ மொமென்டரி லேப்ஸ் ஆஃப் ரீசன்’ தட்டை வெளியிட்டார். தேம்ஸ் ஆற்றில் மிதக்கும் படகுக் கூடத்தில் அதன் பெரும்பகுதி பதிவாயிற்று. கூலிக்கு வாசித்தோர் பலர். மேசனும் ரைட்டும் வாசித்தது சிறிதே. அவ்வாண்டு டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டுப் பெயர் கில்மருக்கும் மேசனுக்கும் உரியதாயிற்று. பெயர் கிடைத்தது, குறை தீர்ந்ததா? 2019-இல் அதே தட்டு திருத்திய வடிவில் மீண்டும் வெளியிடப்பட்டது. மேசனின் டிரம் புதிதாகப் பதியப்பட்டது. 2008-இல் காலமாகிவிட்ட ரைட்டின் வாசிப்பு பழைய கச்சேரிப் பதிவுகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. பெயரைச் சட்டத்தால் வென்றவர்களே, முப்பதாண்டு கழித்து, அப்பெயருக்குரிய கைகளைத் தேடிச் சேர்த்தனர். இதனினும் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

இடையில் 1994-இல் வந்த ‘தி டிவிஷன் பெல்’ தட்டில் ரைட் மீண்டும் பாடல்களை இணைந்து இயற்றினார். எழுத்தாளர் பாலி சாம்சன் பல பாடல்களுக்குச் சொல் தந்தார். 1973-இன் தட்டில் சாக்சஃபோன் வாசித்த டிக் பாரியும் திரும்பி வந்தார். வாட்டர்ஸின் கூரிய சொல் அதில் இல்லை. ஆனால் ‘எக்கோஸ்’ காலத்து வெளி மீண்டும் கேட்டது.

மறுபுறத்தையும் நோக்குவோம். 2023-இல் வாட்டர்ஸ், ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ தட்டினை வேறு கலைஞர்களைக் கொண்டு புதிதாகப் பதிந்து தம் பெயரில் வெளியிட்டார். பழைய கிதார் ஆலாபனைகள் அதில் இல்லை. முதியவர் ஒருவர் இரவில் தனியே பேசுவதுபோல் அது செல்கிறது. சொல் அதே சொல். ஆயினும் கேட்போர் அதனைப் பிங்க் ஃபிளாய்ட் என்று மயங்கமாட்டார். சொல்லுக்கு உரியவர் ஒருவரே. ஓசைக்கு உரியவர் அவர் ஒருவர் அல்லர்.

ஆகவே நாம் எடுத்த வினாவுக்கு ஒருவாறு விடை கிடைக்கிறது. துணைவரும் தயாரிப்பாளரும் மாறும்போது குழுவின் தனித்தன்மை மாறுவது உண்மை. ஆனால் மாற்றம் யாவும் ஒரு தன்மையன அல்ல. உள்ளிருப்போரின் வேறுபாட்டைத் தாங்கி நின்று பயன்படுத்தும் கை, குழுவை வளர்க்கிறது. அவ்வேறுபாட்டை அடக்கிவிடும் கை, உள்ளிருந்து வந்தாலும் வெளியிலிருந்து வந்தாலும், குழுவைக் குறுக்குகிறது. வழக்குத் தொடுத்தது தம் பிழையே என்று வாட்டர்ஸ் 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு முன்னரே, 2005 ஜூலையில், இலண்டன் ஹைடு பார்க்கில் நால்வரும் ஒரு மேடையில் நின்று வாசித்தனர். அதுவே அந்நால்வரின் கடைசிக் கச்சேரி.

ஓர் இசைத்தட்டைக் கேட்கும்போது உறையின் முகப்பிலுள்ள பெரிய எழுத்துகளைப் படித்து நின்றுவிடாமல், பின்புறத்துச் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். ஒலி பதிந்தவர், கலந்தவர், ஒரு மாலை மட்டும் வந்து பாடிப் போனவர் என்று அங்கே பலர் இருப்பர். அப்பெயர்களை அறிந்தபின் அதே தட்டை மறுபடியும் ஒருமுறை கேளுங்கள்.